ராத்திரிக்காகப் போங்கள்

வந்த கேள்வி இது: "நண்பர்களோடு சில தடவை கேம்பிங் போயிருக்கிறேன். டென்ட், கேம்ப் ஃபயர், பார்பெக்யூ எல்லாம் இருந்தது, ஜாலியாகத்தான் போயிற்று. ஆனால் இயற்கையோடு தங்கினால் மனம் அடங்கும், தெய்விகமாக ஏதோ ஒன்று உள்ளே நடக்கும் என்கிறார்களே, எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. நான் கோயில் குளம் என்று அதிகம் சுற்றுகிற ஆளும் இல்லை. எங்கே, எப்படிப் போய்த் தங்கினால் அது கிடைக்கும்? தனியாகப் போகலாமா?"

நீங்கள் மலைக்குப் போயிருக்கிறீர்கள், ராத்திரிக்குப் போகவில்லை. உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்.

மலை, அருவி, பள்ளத்தாக்கு எல்லாவற்றையும் காலையில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். டென்ட் போட்டுத் தங்குவதில் கூடுதலாகக் கிடைப்பது, சூரியன் இறங்கியதிலிருந்து மறுபடி ஏறும் வரைக்குமான பன்னிரண்டு மணி நேரம். கேம்ப் நடத்துகிறவர்கள் முதல் வேலையாக அதைத்தான் விரட்டிவிடுகிறார்கள். மரத்துக்கு மரம் சீரியல் லைட், புளூடூத் ஸ்பீக்கர், நடுவில் ஆளுயரத்துக்குத் தீ. ஒரு மணிக்குப் படுத்து, வெயில் டென்ட்டைச் சுட ஆரம்பித்தபிறகு எழுந்தால் பிரெட் ஆம்லெட் தயாராக இருக்கும். அந்தி நேரம் சாமான் இறக்குவதில் போயிருக்கும், விடியற்காலை தூக்கத்தில் போயிருக்கும். நம் ஊரில் எந்த மதத்தை எடுத்துக்கொண்டாலும் வழிபாட்டுக்கு என்று பிடித்துவைத்திருப்பது அந்த இரண்டு நேரத்தையும்தான். சந்தியாவந்தனம், வாசலில் விளக்கு வைப்பது, மஃரிப், ஃபஜ்ர் தொழுகைகள், மார்கழி பஜனை எல்லாம் வெளிச்சமும் இருட்டும் கைமாறுகிற சமயத்தில்தான். அந்த இரண்டையும் விட்டுவிட்டு மிச்சத்தில் தேடினால் என்ன கிடைக்கும்? கொசுக்கடிதான்.

இத்தனைக்கும் காட்டில் ராத்திரி தங்குவது நமக்குப் புதிது இல்லை. பெருவழிப் பாதையில் சபரிமலை போன பழைய குருசாமி யாரையாவது பிடித்துக் கேட்டுப் பாருங்கள். எருமேலியில் பேட்டை துள்ளி, அழுதை ஆற்றில் குளித்து, அங்கே எடுத்த கல்லைக் கல்லிடும் குன்றில் போட்டுவிட்டு, கரிமலை ஏறி இறங்கிப் பம்பைக்கு வருவார்கள். சந்நிதானம் வரைக்கும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வழியில் இருட்டுகிற இடத்தில் விரி வைத்துவிடுவார்கள். தரையில் ஒரு விரிப்பு, பக்கத்தில் கட்டைகளைப் போட்டு ஆழி, ஒரு வாய்க் கஞ்சி, சரணம், அப்புறம் தூக்கம். தலையில் சுமந்த இருமுடியில் முன்முடி சாமிக்கு, பின்முடி வழிச்சாப்பாட்டுக்கு. அதற்கு மேல் லக்கேஜ் கிடையாது. இன்று அந்தக் காடு பெரியாறு புலிகள் காப்பகம் என்பதால் நினைத்த இடத்தில் தங்க முடியாது, இருட்டியபிறகு நடக்கவும் விடமாட்டார்கள், ஒதுக்கிய தாவளங்களில்தான் படுக்க வேண்டும். சரி, அது நியாயமும்கூட.

இலங்கையில் கதிர்காமம் பாதயாத்திரை இன்னும் நீளம். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் கிளம்பி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்குக் கரையோரமாகவே வாரக்கணக்கில் நடந்து உகந்தை முருகன் கோயிலுக்கு வந்து சேருவார்கள். அங்கிருந்து குமண, யால காடுகள் வழியே கடைசிப் பகுதி. ஆடிவேல் விழாவை ஒட்டிக் குறிப்பிட்ட சில நாட்கள் மட்டும்தான் காட்டுப் பாதையைத் திறந்துவிடுவார்கள். யானையும் சிறுத்தையும் கரடியும் உள்ள காடு. ஆற்றோரத்திலும் மரத்தடியிலும் படுத்து எழுந்து போகிறவர்களில் அறுபது எழுபது வயதுக் கிழவிகளும் உண்டு.

இந்த இரண்டு பயணத்திலும் யாரும் உட்கார்ந்து "இப்போது எனக்கு அனுபவம் வரவேண்டும்" என்று முயற்சி செய்வதில்லை. கவனித்தீர்களா? நடந்து களைத்த உடம்பு, அரை வயிற்றுச் சாப்பாடு, வாய்க்கு ஒரே ஒரு நாமம், மேலே திறந்த வானம். சபரிமலைக்கு 41 நாள் விரதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்பாடு முழுக்க உடம்புக்குத்தான், மனதுக்கு என்று தனியாக ஒரு பயிற்சியும் இல்லை. தியான ஆப்பை டவுன்லோட் செய்துகொண்டு மலைக்குப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவு செய்த அருவிச் சத்தம் கேட்பதற்கு அருவிக்கரை வரைக்கும் போக வேண்டியதில்லை.

இனி உங்களுக்கான யோசனைக்கு வருகிறேன். ஒரு ராத்திரி, எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு எல்லா விளக்கையும் அணையுங்கள். தீ மூட்டியிருந்தால் அதையும் தணலாக்கி, கடைசியில் தண்ணீர் தெளித்து அவித்துவிடுங்கள். போன் பைக்குள் போகட்டும். பிறகு சும்மா உட்காருங்கள்.

முதல் ஐந்து நிமிஷம் ஒன்றுமே தெரியாது, கறுப்புத்தான். பத்து நிமிஷத்தில் மரங்களின் வெளிக்கோடு வரும். இருபது நிமிஷத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கை அசைவது தெரியும். அரை மணி, நாற்பது நிமிஷம் ஆனால் நட்சத்திர வெளிச்சத்திலேயே பாறைக்கும் புல்லுக்கும் வித்தியாசம் கண்டுபிடித்துவிடுவீர்கள். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. விழித்திரையில் மங்கிய வெளிச்சத்துக்கென்று இருக்கிற குச்சி செல்களில் நிறமி மறுபடி ஊறி வர அவ்வளவு நேரம் பிடிக்கிறது, ஊறியபிறகு மங்கிய வெளிச்சத்தைப் பிடிக்கிற கண்ணின் திறன் பல ஆயிரம் மடங்கு ஏறிவிடும். நடுவில் யாராவது வாட்ஸாப் பார்க்கிறேன் என்று திரையைத் தட்டினால் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். டார்ச் அவசியம் என்றால் அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். மங்கிய சிவப்பு வெளிச்சம் குச்சி செல்களை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது.

இன்னொரு வேடிக்கை உண்டு. பார்வையின் நட்டநடுப் புள்ளியில் குச்சி செல்லே கிடையாது. அதனால் மிக மங்கலான நட்சத்திரத்தை நேராக முறைத்தால் அது மறைந்துவிடும், கொஞ்சம் பக்கத்தில் பார்த்தால் தெரியும். தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பழைய வித்தை இது. கார்த்திகைக் கூட்டத்தை வைத்துச் சோதித்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் ஒரு புகைத் திட்டு மாதிரியும் ஆறு புள்ளி மாதிரியும் மாறி மாறித் தெரியும், பார்வையைச் சற்று ஒதுக்கினால் எண்ணிக்கை கூடும்.

கார்த்திகையைச் சொன்னதால் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கோயிலுக்கு அதிகம் போகாதவராக இருந்தாலும், போன தடவைகளில் அர்ச்சனைத் தட்டை நீட்டி "பெயர், நட்சத்திரம்" சொல்லியிருப்பீர்கள். ரோகிணி என்றோ மகம் என்றோ வாய் தன்னாலே சொல்லும். அந்த ரோகிணியை வானத்தில் பார்த்திருக்கிறீர்களா? ஜாதகத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பத்திரப்படுத்துகிற நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் தன் நட்சத்திரம் எது என்று கை நீட்டிக் காட்டத் தெரியாது. கேம்பிங் போகிறவருக்கு நான் கொடுக்கிற ஒரே வீட்டுப்பாடம் இதுதான்: உங்கள் பிறந்த நட்சத்திரத்தைக் கண்டுபிடியுங்கள்.

ஜனவரிக் கடைசியில், அமாவாசையை ஒட்டிப் போனால் வசதி. ராத்திரி ஏழரை, எட்டு மணிக்கு நிமிர்ந்து பார்த்தால் கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, புனர்பூசம் நான்கும் மேற்கிலிருந்து கிழக்காக வரிசையில் நிற்கும். ரோகிணி ஆரஞ்சு நிறம். திருவாதிரை அதைவிடச் சிவப்பு, சிதம்பரத்தில் மார்கழித் தரிசனம் எந்த நட்சத்திரத்தின் பெயரில் நடக்கிறதோ அதுவே. சிவனுக்கு இந்த நட்சத்திரத்தை ஒதுக்கிய ஆள் அதன் தீ நிறத்தைப் பார்த்துத்தான் ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம், நீங்களும் பார்த்தால் ஒத்துக்கொள்வீர்கள். ஒன்பது மணிவாக்கில் மகம் கிழக்கே நன்றாக ஏறியிருக்கும். சித்திரையும் சுவாதியும் நள்ளிரவை ஒட்டி வரும். கேட்டைக்காரர்கள் விடியற்காலை வரை பொறுக்க வேண்டும், தென்கிழக்கில் செக்கச்செவேல் என்று நிற்கும். பத்து மணிக்குத் தெற்கே தாழ்வாக ஒரு பளிச்சென்ற வெள்ளை நட்சத்திரம் தெரிந்தால் அது அகத்தியர். ராத்திரி வானத்து நட்சத்திரங்களில் பிரகாசத்தில் இரண்டாவது. லண்டனில் எத்தனை வருஷம் குடியிருந்தாலும் அதைப் பார்க்க முடியாது, அந்த ஊரில் அது எழுவதே இல்லை. தெற்கே வந்து உட்கார்ந்த முனிவரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள்.

கார்த்திகையிலிருந்து உங்கள் கண்ணில் விழுகிற வெளிச்சம் சுமார் 440 வருஷத்துக்கு முன்னால் புறப்பட்டது, மதுரையில் நாயக்கர் ஆண்டுகொண்டிருந்த காலத்தில். இந்த மாதிரிக் கணக்கை வீட்டில் படித்தால் பொது அறிவு. ஈரப் பாறையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, அந்த வெளிச்சம் தன் கண்ணுக்குள் வந்து முடிகிறது என்று நினைக்கும்போது அது வேறு ஏதோவாக ஆகிவிடுகிறது. உங்களுக்கு எதுவும் ஆகவில்லை என்று எழுதினீர்களே, அது ஆகக்கூடிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

எந்த இடம் என்று கேட்டால் ஜவ்வாது மலையைத்தான் முதலில் சொல்வேன். இந்தியாவின் வானியலாளர்கள் 1960களில் தேடி அலைந்து தொலைநோக்கி வைக்கத் தேர்ந்தெடுத்த காவலூர் அங்கேதான் இருக்கிறது. அங்கே 1972ல் நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கியில்தான் 1977ல் யுரேனஸுக்கு வளையம் இருப்பதற்கான தடயத்தைப் பார்த்தார்கள். அப்போதிருந்த இருட்டு இப்போது இல்லை, அடிவாரத்து ஊர்களின் வெளிச்சம் தொடுவானத்தில் மஞ்சளாகத் தெரியும். ஆனாலும் சென்னைக்காரர் ஒருவர் அரை நாளில் போய்ச் சேரக்கூடிய இடங்களில் வானம் இவ்வளவு கறுப்பாக இருப்பது அபூர்வம். மலைவாழ் மக்களான மலையாளிகளின் சிற்றூர்களும் சாமைக் கொல்லைகளும் உள்ள மலை. சாமை முற்றும் பருவத்தில் காட்டுப்பன்றியை விரட்டப் பரண் போட்டு ராத்திரி முழுக்கக் காவல் இருப்பார்கள். அப்படி ஒரு பரணுக்குக் கீழே நான் படுத்திருந்த ராத்திரி, மேலே இருந்த பெரியவர் மணிக்கு ஒரு தடவை தகரத்தைத் தட்டி "ஹோ" என்று ஒரு குரல் கொடுப்பார். எதிர்ச் சரிவில் இன்னொரு பரணிலிருந்து பதில் குரல் வரும். அதற்கப்பால் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் மலை முழுக்க ஒரு சுற்று வந்துவிட்டு அடங்கிவிடும். "தூங்கிடக் கூடாதுல்ல தம்பி, அதுக்குத்தான்" என்றார் காலையில். பன்றிக்காகவா, தூங்காமல் இருப்பதற்காகவா என்று நான் மேலே கேட்கவில்லை.

பயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும். விளக்கை அணைத்தால் பயம் வரும், எல்லோருக்கும். காய்ந்த சருகில் ஒரு தேரை நகர்ந்தால்கூடப் பன்றியே வருகிற மாதிரிக் கேட்கும். பக்கி என்று ஒரு ராப்பறவை தரையோடு தரையாக உட்கார்ந்து "சக் சக் சக்கர்ர்" என்று ஆரம்பித்தால், பழக்கமில்லாதவருக்கு முதுகு சில்லிடும். உடனே லைட்டைப் போட்டுவிடாமல் ஒரு பத்து நிமிஷம் அதோடு இருந்து பாருங்கள். நம் முன்னோர் எல்லைச்சாமியை ஊருக்கு நடுவில் வைக்கவில்லை. ஊர் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், கையில் அரிவாளும் பிதுங்கிய கண்ணுமாக வைத்தார்கள். கருப்பசாமியை ஏசி மண்டபத்தில் கும்பிட்டால் அவர் ஏன் அப்படி முழிக்கிறார் என்று விளங்காது. கோயில்காட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவதும், கீழே விழுந்த சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்து வராததும் இந்தப் பயத்திலிருந்து பிறந்த மரியாதைதான். நீலகிரியில் குறும்பர்கள் பாறைத்தேன் எடுக்கக் கொடியில் இறங்குவதற்கு முன்னால் விரதம் இருந்து, வழிபாடு முடித்துவிட்டுத்தான் இறங்குவார்கள். பயமும் பக்தியும் அங்கே ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. பயம் முற்றும்போது வாயில் தானாக "முருகா" என்றோ "அம்மா" என்றோ வரும் பாருங்கள், அது நீங்கள் பழகிச் சொல்கிறது இல்லை. அப்புறம் காது திறந்துகொள்ளும். எது தேரை, எது காற்று, எது தூரத்து நாய் என்று பிரித்துப் பிரித்துக் கேட்க ஆரம்பிப்பீர்கள். அந்தக் கட்டத்தில் மனதுக்குள் பேச்சு நின்றுபோயிருப்பதை நீங்களே பிறகுதான் உணர்வீர்கள்.

ஒன்று மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது ஆபத்தில்லாத இடத்துப் பயம். டென்ட்டின் ஜிப் மூடியிருக்கட்டும், ஷூவை உள்ளே வையுங்கள், ஒன்றுக்குப் போக எழுந்தால் டார்ச் இல்லாமல் ஓர் அடிகூட வைக்காதீர்கள், உங்கள் கண் இருட்டுக்குப் பழகுகிற வரைக்கும் பாம்பு காத்திருக்காது.

விடியற்காலைக்கு வருவோம். சீக்கிரம் படுத்தவர் நாலரைக்குத் தானாக விழித்துக்கொள்வார், அலாரம் வேண்டாம். இதற்கு ஆராய்ச்சிச் சான்றும் இருக்கிறது. 2013ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தார் எட்டுப் பேரை ராக்கி மலையில் ஒரு வாரம் டென்ட்டில் தங்கவைத்தார்கள். டார்ச், போன் எதுவும் கூடாது, சூரியனும் கேம்ப் ஃபயரும் மட்டும். ஒரு வாரத்தில் அவர்கள் உடம்பின் கடிகாரம் இரண்டு மணி நேரம் முன்னால் நகர்ந்துவிட்டது. சாயங்காலம் மெலட்டோனின் என்கிற ராத்திரி ஹார்மோன் சுரக்க ஆரம்பிப்பது முன்கூட்டியே நடந்தது. வீட்டில் இருந்தபோது காலையில் எழுந்தபிறகும் உடம்புக்குள் ராத்திரி மிச்சமிருந்தது, மலையிலோ கண் விழிப்பதற்கு முன்பே அது முடிந்துவிட்டது. நான்கு வருஷம் கழித்து, ஒரு சனி ஞாயிறு மட்டும் தங்கினாலே ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நகர்கிறது என்றும் அதே குழு சொன்னது.

நம் பஞ்சாங்கப்படி பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு 96 நிமிஷம் முன்னால் தொடங்கி 48 நிமிஷம். ஆறே காலுக்கு உதயம் என்றால் 4.39க்குத் தொடங்கி 5.27க்கு முடியும். வெட்டவெளியில் அந்த நேரத்தை ஒரு தடவையாவது முழுசாகப் பாருங்கள். தொடங்கும்போது வானம் நள்ளிரவு மாதிரியே இருக்கும். ஐந்து மணி வாக்கில் கிழக்கே நட்சத்திரங்களுக்குப் பின்னால் கறுப்பு லேசாக வெளிறும், வெளிச்சம் என்று சொல்லவும் முடியாது. பிறகு குளிர் ஒரு பிடி கூடும். முதல் காட்டுக்கோழி கத்தும்போது முகூர்த்தம் முடிகிற நேரமாகியிருக்கும். நகரத்தில் அலாரம் வைத்து அடித்துப்பிடித்து எழுந்து உட்கார்ந்து கொட்டாவி விடுகிறவர்களுக்கு இந்த நேரத்தின் அருமை பாதிதான் தெரியும். ஜெபமோ தியானமோ செய்கிற வழக்கம் உங்களுக்கு இருந்தால் அதை இந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வழக்கம் இல்லையென்றால் சுக்கு காபி போட்டுக்கொண்டு கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் போதும். மனதில் ஏதாவது எழுதத் தோன்றினால் அப்போது எழுதாதீர்கள், விடிந்தபிறகு எழுதிக்கொள்ளலாம்.

கோயிலுக்குப் போகாதவருக்கு இது வேலை செய்யுமா என்பது உங்கள் கேள்விக்குள் இருக்கிற இன்னொரு கேள்வி. செய்யும். 2015ல் வெளியான ஓர் ஆய்வில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை 200 அடிக்கு மேல் வளர்ந்த மரத்தோப்பையும் மறு பாதியைப் பக்கத்துக் கட்டடத்தையும் ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். பிறகு ஒருவர் தற்செயலாக நடந்தது போல் கையிலிருந்த பேனாக்களைக் கீழே கொட்டினார். மரத்தைப் பார்த்தவர்கள் அதிகப் பேனாக்களைப் பொறுக்கிக் கொடுத்தார்கள். பக்தியைப் பற்றி அவர்களிடம் யாரும் பேசவில்லை. தன்னைவிடப் பெரிய ஒன்றைப் பார்த்ததில் "நான்" சற்றுச் சுருங்கியது, அவ்வளவுதான். அந்த மரம் எது தெரியுமா? தண்ணீரை உறிஞ்சித் தீர்க்கிறது என்று ஊட்டியில் நாம் நாளும் திட்டித் தீர்க்கிற அதே தைல மரம்.

சரி, நடைமுறைக்கு வருவோம். தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் நீங்களாகப் போய் டென்ட் அடிப்பது சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11ல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வருஷமே மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 40 பாதைகளைத் திறந்து ஆன்லைனில் பதிவு செய்யும் வசதி கொண்டுவந்தது, ஆனால் அது பெரும்பாலும் பகலில் போய்த் திரும்புவதற்குத்தான். ஆகவே ராத்திரி தங்க, ஊரை ஒட்டிய பட்டா நிலம் தேடுங்கள். ஜவ்வாது, கொல்லிமலை, ஏலகிரி, கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விவசாயிகள் தங்கள் நிலத்திலேயே இடம் கொடுக்கிறார்கள். போனில் பேசும்போதே "லைட்டும் பாட்டும் வேண்டாம், பக்கத்தில் வேறு குழு இருக்கிறதா" என்று கேட்டுவிடுங்கள். யானை நடமாட்டம் உண்டா என்பது அதைவிட முக்கியமான கேள்வி. 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் டென்ட்டில் தங்கியிருந்த ஒரு சுற்றுலாப் பயணியை யானை தாக்கிக் கொன்றது. உண்டு என்று பதில் வந்தால், சுவர் உள்ள அறை எடுத்துக்கொள்ளுங்கள், இருட்டை வராந்தாவில் உட்கார்ந்து பார்க்கலாம். ஓடைப் படுகையில் மணல் மெத்தென்று இருக்கிறதே என்று டென்ட் போடாதீர்கள். 2015 மே மாதம் சதுரகிரியில் மலைமேல் பெய்த மழையில் ஓடையில் வந்த திடீர் வெள்ளம் பக்தர்களை அடித்துக்கொண்டு போனது. கீழே இருந்தவர்களுக்கு யோசிக்க அவகாசமே கிடைக்கவில்லை.

வெள்ளியங்கிரி போகலாமா என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அது கேம்பிங் இல்லை, ஏழு மலை ஏறி ஆண்டவரைப் பார்க்கிற வழிபாடு. மூங்கில் தடியோடு ராத்திரியெல்லாம் ஏறி, ஏழாவது மலையில் குளிரில் நடுங்கிக்கொண்டு விடியலைப் பார்த்தவர்கள் அதை லேசில் மறக்கமாட்டார்கள். ஆனால் பிப்ரவரி முதல் மே வரைதான் விடுவார்கள், கூட்டம் நெருக்கும். 2024 சீசனில் ஏறும்போது மூச்சு முட்டியும் நெஞ்சடைத்தும் பலர் இறந்தார்கள். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருப்பவர் வைராக்கியத்தைக் காட்ட வேண்டிய இடம் அது இல்லை. உங்களுக்கு வேண்டிய தனிமையும் அங்கே சீசனில் கிடைக்காது.

சாமான் குறைவாக இருக்கட்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்தே புளியோதரை கட்டிக்கொண்டு போனால் சமையல் வேலை மிச்சம், அந்தி நேரம் கைக்கு வரும். சாயங்காலம் நாலரை மணிக்கே டென்ட் போட்டு முடித்துவிடுங்கள். முடிந்தால் ஒரே இடத்தில் இரண்டு ராத்திரி தங்குங்கள். முதல் ராத்திரி முழுக்க உடம்பு "இது என்ன சத்தம், தரை ஏன் இப்படிக் குத்துகிறது" என்று கேட்டுக்கொண்டே இருக்கும், இரண்டாவது ராத்திரிதான் அது ஓயும். ஒரு ராத்திரி தங்கிவிட்டு "ஒன்றும் இல்லை" என்று திரும்புகிறவர்கள் பலரும் இதனால்தான் திரும்புகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

தனியாகவா? முதல் சில தடவை வேண்டாம். பேச்சைக் குறைத்துக்கொள்ளத் தெரிந்த ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஆளுக்கு ஒரு டென்ட், கூப்பிட்டால் கேட்கிற தூரம், எட்டு மணிக்கு மேல் அவசியத்துக்கு மட்டும் பேச்சு என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டால் தனிமையும் இருக்கும், துணையும் இருக்கும். பிறகு ஊரும் நிலத்துக்காரரும் பழகிவிட்டபின் தனியாகத் தங்கலாம். பெண்கள் தனியாகப் போவதானால், நிலத்துக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்கிற இடமாகப் பார்ப்பது நல்லது. யார் போனாலும் எந்த இடம், எத்தனை ராத்திரி, நிலத்துக்காரர் நம்பர் என்ன என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். மலையில் டவர் கிடைக்காது, இரண்டு நாள் போன் எடுக்கவில்லையென்றால் பதற வேண்டாம், மூன்றாம் நாள் மத்தியானத்துக்குள் தகவல் வராவிட்டால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்று அதையும் சேர்த்துச் சொல்லிவையுங்கள்.